செண்பக வாசனை

மலாயாவில் ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் சீவிக்கொண்டிருந்த பேச்சியம்மாளுக்கு பங்களாச் சமையல் வேலை கிடைத்தது அவள் மூக்கினால்தான். மீன் காலையில் பிடித்ததா, முதல் நாள் பிடித்ததா என்று கூடையைத் திறக்காமலே சொல்லிவிடுவாள்.

தோட்டத்து மானேஜர் மார்செல் துரை பிரெஞ்சுக்காரர். பதினைந்து வருடமாக ஆட்களோடு பேசிப் பேசித் தமிழ் நன்றாகவே வந்தது. 1928இல் மலேரியாக் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு வாசனையே தெரியாமல் போயிற்று. கருவாடு பொரித்தாலும் ஒன்றுதான், மல்லிகை வைத்தாலும் ஒன்றுதான். டாக்டரிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை. எதைச் சமைத்தாலும் உப்பு மட்டும் கேட்பதைப் பார்த்துப் பேச்சியம்மாள் தானாகக் கண்டுபிடித்தாள்.

அந்த வருடம் அவருடைய தம்பியிடமிருந்து ஒரு சிறிய பெட்டி வந்தது. வைக்கோலுக்குள் மூன்று ஒயின் போத்தல்கள். பிரான்சில் ரோன் ஆற்றங்கரைச் சரிவில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் வியோனியே என்ற வெள்ளைத் திராட்சை. ஆலங்கட்டி மழைக்குத் தப்பியதைப் பிழிந்ததில் ஒரே ஒரு பீப்பாய்தான் தேறியதாம். அண்ணன் ருசி பார்த்து நன்றாக இருக்கிறது என்றால் கொடிகளை வைத்துக்கொள்வது, இல்லையென்றால் பிடுங்கிவிட்டுப் பழமரம் நடுவது என்று தம்பி எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துரை ஒரு போத்தலைக் கிணற்று நீரில் குளிரவைத்துத் திறந்தார். கிளாஸைப் பேச்சியம்மாள் பக்கம் நகர்த்தி, தனக்காக முகர்ந்து பார்க்கச் சொன்னார்.

அவள் முகர்ந்தாள்.

"நனைஞ்ச சாக்கு வாடை அடிக்குது தொரை."

துரை காகிதத்தை எடுத்து, கொடிகளைப் பிடுங்கிவிடும்படி தம்பிக்கு எழுத உட்கார்ந்தார். பேச்சியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தேங்காய் அழுகினால் குலையையே வீசுவதா என்று கேட்டுவிட்டு, அவளே போய் இரண்டாவது போத்தலைக் கிணற்றில் இறக்கினாள்.

இந்த முறை கார்க்கைப் பிடுங்கியதுமே அவள் முகம் மாறியது.

"செண்பகப் பூ. அதுக்குப் பின்னால மாம்பழம், காம்பு கிட்ட வருமே அந்த வாசன. கொஞ்சம் தேனு."

துரையின் பேனா காகிதத்தின் மேலேயே நின்றது. நாக்கில் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவள் குடிப்பதில்லை. ஆனாலும் குழம்புக்கு உப்புப் பார்ப்பதுபோல் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள்.

"புளிப்பு கம்மி. எண்ண மாதிரி வழுவழுன்னு எறங்குது. கடைசில நார்த்தங்காத் தோலு கசப்பு, லேசா. அது நல்லாத்தான் இருக்கு."

துரை தானும் ஒரு வாய் குடித்தார். குளிர்ச்சியும் அந்த வழுவழுப்பும் தெரிந்தன. கண்ணை மூடிக்கொண்டு, அவள் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவள் நிதானமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார். "அதேதான். எங்க அப்பா காலத்துல இருந்த அதே ருசி," என்றார்.

தன் மூக்குப் போனதையும், யார் ருசி பார்த்தது என்பதையும் மறைக்காமல் தம்பிக்கு எழுதினார்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. கொடிகளைப் பிடுங்கவில்லை என்று தம்பி எழுதியிருந்தார். செண்பகம் எப்படி இருக்கும் என்றும் கேட்டிருந்தார். துரை படித்துக் காட்டியபோது, சரிவில் ஏறி அத்தனை கொடிக்கும் தண்ணீர் சுமக்க அந்த மனுஷனுக்குத் துணைக்கு ஆள் உண்டா என்று பேச்சியம்மாள் விசாரித்தாள்.