ஒரே ஒரு படிதானே

"ஒரே ஒரு படிதானே, மேடம்" என்று தொலைபேசியில் சொன்னவன் அந்த வாரத்தில் ஐந்தாவது ஆள்.

ஹில்கே உபென் பேனாவை மேசைமேல் போட்டாள். "அந்தப் படி எவ்வளவு உயரம்?"

"உயரமா? சின்னப் படிதாங்க. யாரும் கவனிக்கக்கூட மாட்டாங்க."

"நாங்க கவனிப்போம். ஒரு அளவுகோலை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"அளவுகோலா? இது ஹோட்டல் மேடம்."

"ஹோட்டல்ல அளவுகோல் இருக்கக் கூடாதுன்னு சட்டமா?"

அவன் போனை வைத்துவிட்டான். ஹில்கே தன் தாளில் அந்த ஹோட்டலின் பெயரை இரண்டு முறை அடித்தாள். ஒரு முறை அடித்தால் போதும். ஆனால் ஆத்திரம் ஒரு கோட்டோடு தீரவில்லை.

ஒரு படி ஒரே ஒரு படிதான், ஏறக் கால் இருக்கிறவனுக்கு. சக்கர நாற்காலியில் வருகிறவனுக்கு அது சுவர். ஹாம்பர்க் மாதிரிப் பெரிய ஊரில் ஹோட்டல் நடத்துகிறவர்களுக்கு இது ஏன் மண்டையில் ஏறவில்லை? ஒவ்வொருவனும் தன் இணையப் பக்கத்தில் நீல நிறத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்டிருக்கிறான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? ஒரு ஹோட்டலில் சக்கர நாற்காலிக்காரருக்கு வழி பின்பக்கமாம், குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, சரக்கு லிப்டில். இன்னொன்றில் கட்டில் எழுபது சென்டிமீட்டர் உயரம். "ராஜா மாதிரி ஏறிப் படுக்கலாம்" என்றாள் அந்த ஹோட்டல்காரி. ஏறுவதற்குத்தானே அம்மா வழியில்லை!

நோர்டன் நகரத்தின் கட்டட அனுமதி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் ஹில்கே. வாசல் இரண்டு சென்டிமீட்டர் குறைந்தால் வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாள். ஊரில் பாதிக் கொத்தனார்கள் அவளைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. மஞ்சள் மரத்தில் செய்த மடக்கு அளவுகோல் இன்றும் அவள் கைப்பையில் இருக்கிறது.

மேசைக்கு எதிர்ப்பக்கம் அவள் கணவர் ஒக்கோ கற்கண்டின்மேல் தேநீரை ஊற்றி, அது வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடம் ஹாம்பர்க் துறைமுகத்தில் இழுவைப் படகின் எந்திர அறையில் இருந்த மனிதர். முதுகெலும்பில் வந்த நோய் கால்களை வாங்கிக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது.

இரண்டு வருடங்களுக்கு முன் வேறோர் ஊரில், வேறொரு ஹோட்டலில், "மூணே மூணு படி" என்றார்கள். சமையலறையிலிருந்து இரண்டு பேர் வந்து ஒக்கோவை நாற்காலியோடு தூக்கினார்கள். மேலே ஒரு கல்யாண கோஷ்டி நின்றிருந்தது. அவரைத் தரையில் இறக்கியதும் அவர்கள் கைதட்டினார்கள். கைதட்டினார்கள்! நல்ல மனதோடுதான். அதுதான் இன்னும் கொடுமை. அன்றிலிருந்து ஒக்கோ வெளியூரில் ஓர் இரவுகூடத் தங்கவில்லை.

அப்படிப்பட்டவர் இந்த ஜனவரியில், ஹில்கே ஜன்னல்களைத் திறந்து வீட்டுக்குக் காற்று விட்டுக்கொண்டிருந்தபோது, தானாகவே வாயைத் திறந்தார். "ஏப்ரல்ல நமக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷம். ஹாம்பர்க்ல ரெண்டு நாள் இருந்துட்டு வரலாமா? ஒண்ணு மட்டும். ஒருத்தன் கையும் என்மேல படக் கூடாது."

ஹில்கேவுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தத் தடவை ஏதாவது பிசகினால் அவர் இனி வாசலைத் தாண்ட மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அன்றே தாளை எடுத்து எழுதினாள்: நாற்காலியின் அகலம் அறுபத்து நான்கு. கட்டில் உயரம் ஐம்பது. நாற்காலி திரும்ப நூற்றைம்பதுக்கு நூற்றைம்பது.

ஆறாவது ஹோட்டலுக்கு மறுநாள் காலையில் போன் போட்டாள். எழுதக் கை வேண்டும் என்பதால் வழக்கம்போல ஒலிபெருக்கியில் விட்டிருந்தாள். அடுப்பில் ஒக்கோவின் முட்டை வெந்துகொண்டிருந்தது.

ஹோட்டல்காரன் தேன் ஒழுகப் பேசினான். "கண்டிப்பா ஏற்பாடு பண்ணலாம். ஒரு விஷயம் கேக்கலாமா? உங்க வீட்டுக்காரர் பேசுவாரா? மத்த விருந்தாளிங்களோட உக்காந்து சாப்பிடுவாரா, இல்ல அறைக்கே அனுப்பிடட்டுமா? எல்லாருக்கும் சௌகரியமா இருக்கும் பாருங்க."

ஒக்கோவின் கரண்டி கோப்பையில் நின்றது.

"எல்லாருக்கும்னா யாருக்குய்யா?" ஹில்கே எழுந்தே விட்டாள். "அவர் பேசுவாரு! உன்னைவிட நல்லாப் பேசுவாரு! கப்பலையே கட்டி இழுத்தவரு அவரு! கால் போச்சுன்னா நாக்கும் போயிடுமா? உன் பேரைச் சொல்லு, உன் முதலாளி பேரையும் சொல்லு. எழுத்துல வரும் உனக்கு!"

முட்டைக்கு வைத்த ஐந்து நிமிட மணி அடித்தது. ஹில்கே போனை அணைத்து, முட்டையை எடுத்துத் தண்ணீரில் காட்டி, ஒக்கோவின் முன் வைத்தாள். நாற்பது வருடமாக எவ்வளவு கோபத்திலும் அந்த ஐந்து நிமிடம் மட்டும் தவறியதில்லை.

"பாத்தியா ஒக்கோ, என்ன திமிர்! நீ பேசுவியான்னு கேக்கறான்!"

ஒக்கோ முட்டையின் தலையைத் தட்டி, உப்பைத் தூவிச் சாப்பிட்டார்.

இனிப் போனை நம்பிப் பயனில்லை என்று ஹில்கே முடிவு கட்டினாள். வியாழக்கிழமை விடியும்முன் ரயிலேறி, ப்ரேமனில் மாறி, ஹாம்பர்க்கில் இறங்கினாள். எல்பே ஆற்றங்கரை ஹோட்டல் ஒன்றில் அய்தின் என்ற வரவேற்புப் பெண் அவளை முதலில் விநோதமாகப் பார்த்தாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். அளவுகோலின் மறுமுனையையும் பிடித்தாள்.

வாசல் சமதளம். குளியலறைக் கதவு தொண்ணூற்றுமூன்று. கட்டில் ஐம்பத்தொன்று. கழிவறையின் இரண்டு பக்கமும் கைப்பிடி. மேல்மாடிக்குப் போகும் லிப்டைக்கூட அளந்தாள். ஹில்கேவுக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. சந்தோஷத்தில் தன் அளவுகோலை அங்கேயே மறந்துவிட்டு வந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மேசையில் உட்கார்ந்து அறையை வரைந்தாள். அலுவலகத்தில் வரைவது போலவே, ஐம்பதில் ஒரு பங்காக. நாற்காலி திரும்பும் வட்டத்தைச் சிவப்பில் போட்டாள். வெற்றிக் கொடி மாதிரி அதை ஒக்கோவின் முன் விரித்தாள்.

ஒக்கோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஜன்னல் எது?"

"இதோ. தரையிலருந்து தொண்ணூறு. நீ உக்காந்தபடியே திறக்கலாம்."

"திறந்தா என்ன தெரியும்?"

ஹில்கே வரைபடத்தில் ஜன்னலைத் தேடிப் பார்த்தாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஜன்னலின் உயரம், அகலம், கைப்பிடி எல்லாம் அளந்தவள், அதன் வழியாக வெளியே பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்ததில் ஒரு சாம்பல் சுவரும் காலிப் புட்டிகள் அடுக்கிய பெட்டிகளும் நினைவுக்கு வந்தன.

"பின்கட்டு," என்றாள். "நாற்காலியில வர்றவங்களுக்குத் தரைத்தளத்துல அந்த ஒரு அறைதான் இருக்கு. சத்தமில்லாத அறை."

"இங்க சத்தமா இருக்கா? சுவத்தைப் பாக்க நான் ஏன்டி ஹாம்பர்க் வரைக்கும் வரணும்? நம்ம கொட்டகைச் சுவரு நல்லாத்தானே இருக்கு!"

"ஒக்கோ, அஞ்சு நாளா நான் உனக்காக ஒவ்வொருத்தன்கிட்டயும்..."

"தெரியும். கேட்டுக்கிட்டேதானே இருந்தேன்." அவர் வரைபடத்தை அவள் பக்கம் தள்ளினார். "என் அகலம், என் உயரம், நான் திரும்பற வட்டம் எல்லாம் இருக்கு இதுல. அலமாரி வாங்கறவங்க அளக்கற மாதிரி அளந்திருக்க. எதுக்கு ஹாம்பர்க், அங்க என்ன வேணும் உனக்குன்னு ஒரு வார்த்தை கேட்டியா? அந்தத் தடியன் நான் பேசுவேனான்னு கேட்டான். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீ பதில் சொல்லிட்ட!"

ஹில்கேவுக்குச் சுருக்கென்றது. சுருக்கென்ற வேகத்தில் கோபமும் வந்தது. நன்றி கெட்ட மனுஷன்! விடியலில் எழுந்து, ரயில் மாறி, முட்டி வலிக்கத் தரையில் குனிந்து அளந்தது யார்? அவள் எழுந்து போய் வீட்டின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பிப்ரவரிக் குளிர் உள்ளே பாய்ந்தது. பத்து நிமிடம் எதிர்க்காற்றில் நின்றாள். கோபம் போகவில்லை. ஆனால் அது ஒக்கோவிடமிருந்து மெதுவாகத் தன் பக்கமே திரும்புவது தெரிந்தது.

ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "சரி. என்ன வேணும் உனக்கு?"

"ஆறு," என்றார் ஒக்கோ. "படுக்கையில இருந்தே தெரியணும். காலையில கண்ணு முழிச்சதும் படகு போறதைப் பாக்கணும். கீழ எந்திர அறையில இருந்தவனுக்கு இருபத்திரண்டு வருஷத்துல ஆறு எங்கடி தெரிஞ்சுது? அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். கேட்டிருந்தால் ஜனவரியிலேயே கிடைத்திருக்கும்.

போனை அவள் எடுக்கப் போனாள். அவர் முந்திக்கொண்டு அந்த எல்பே ஹோட்டலைக் கூப்பிட்டார். ஆற்றைப் பார்த்த அறை வேண்டும் என்றதும் அய்தின் தயங்கி, போனை மேலாளரிடம் கொடுத்தாள்.

"ஆத்தைப் பாத்த அறையெல்லாம் நாலாவது மாடிங்க," என்றார் மேலாளர். "சக்கர நாற்காலி விருந்தாளிங்களை நாங்க தரைத்தளத்துலதான் வைக்கறோம். தீப்பிடிச்சா லிப்ட் ஓடாது. எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்."

ஹில்கேவுக்கு ரத்தம் கொதித்தது. ஒக்கோ கையைத் தூக்கி அவளை அடக்கினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, வரைபடத்தின் ஓரத்தில் நாலு சொல் எழுதி அவர் பக்கம் தள்ளினாள்.

ஒக்கோ அதைப் படித்தார். "எந்தச் சட்டம்? எந்தப் பிரிவு? எண்ணைச் சொல்லுங்க."

"சட்டம்னு இல்லைங்க. எங்க ஹோட்டல் வழக்கம்."

"நான் இருபத்திரண்டு வருஷம் தண்ணிமட்டத்துக்குக் கீழ, எண்ணெய்க்கும் நெருப்புக்கும் நடுவுல வேலை பார்த்தேன்," என்றார் ஒக்கோ. குரல் ஏறவில்லை. "வெளிய வர ஒரே ஒரு ஏணி. அப்போ என் பாதுகாப்பைப் பத்தி இந்த ஊர்ல யாரும் கேக்கலையே? உங்க துறைமுகத்துக்கு ஆள் வேணும்னா எங்க வேணா இறங்கலாம். அதே ஆறு ஜன்னல்ல தெரியணும்னா மட்டும் ஆபத்தா? எங்க தூங்கணும்னு நான் முடிவு பண்றேன். எழுபத்தொரு வயசாச்சு எனக்கு."

கடைசியில் மேலாளர், நாலாவது மாடி அறையை அளந்து சொல்லும்படி அய்தினிடம் சொல்வதாக ஒப்புக்கொண்டார். குரலில் உபதேசம் குறைந்து கொஞ்சம் மரியாதை வந்திருந்தது.

அரைமணியில் அய்தின் கூப்பிட்டாள். "உங்க மனைவி விட்டுட்டுப் போன அளவுகோலாலதான் அளந்தேன். லிப்ட், அறைக்கதவு, கட்டில் எல்லாம் சரியா இருக்கு. குளியலறைக் கதவு மட்டும் அறுபத்தொண்ணு. கைப்பிடியை நாங்க பொருத்திடறோம், கதவை ஒண்ணும் பண்ண முடியாது. மன்னிக்கணும்."

அறுபத்தொன்று. நாற்காலி அறுபத்து நான்கு. மூன்று சென்டிமீட்டர்! ஹில்கே முகத்தை மூடிக்கொண்டாள். தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். தூக்கக் கூடாது. முடிந்தது கதை.

"என் கருவிப்பெட்டியைக் கொண்டா," என்றார் ஒக்கோ.

அவர் குனிந்து சக்கரத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த தள்ளுவளையத்தைத் தட்டினார். கையால் தள்ளுவதற்கான அந்த வளையம் இரண்டு பக்கமும் இருந்தது. "இது பக்கத்துக்கு ரெண்டரை. கழட்டினா மொத்தத்துல அஞ்சு குறையும். அம்பத்தொம்பது."

"வளையம் இல்லாம எப்படித் தள்ளுவ?"

"கதவு நிலையைப் பிடிச்சு இழுத்துக்குவேன். படகுல நடைவழி முழுக்க அப்படித்தானே போவோம். அளவெடுத்தவளுக்கு இது தோணலையா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"போதும், குத்திக் காட்டாத!" என்றாள் ஹில்கே. ஆனால் பெட்டியை ஓடிப்போய்க் கொண்டுவந்தாள்.

வெள்ளிக்கிழமை அய்தின் மறுபடி கூப்பிட்டாள். ஹில்கே எடுத்தாள்.

"அறை உறுதி. உங்க வீட்டுக்காரரோட விருப்பங்களைக் குறிச்சுக்கணும் மேடம். அவருக்குத் தலையணை உயரமா, தாழ்வா? காலையில முட்டை எத்தனை நிமிஷம்?"

பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. நாற்பது வருடப் பதில், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஹில்கே அதை விழுங்கினாள். "அவர்கிட்டயே கேளுங்க. இங்கதான் இருக்காரு" என்று போனை ஒக்கோவின் கையில் கொடுத்தாள்.

"தலையணை தாழ்வா," என்றார் ஒக்கோ. "முட்டை நாலு நிமிஷம்."

ஹில்கே அப்படியே நின்றாள். "நாலா? ஒக்கோ! நாப்பது வருஷமா நான் அஞ்சு நிமிஷம் வேகவைக்கறேன்!"

அவர் போனைக் கையால் மூடிக்கொண்டார்.

"தெரியும். நான்தானே சாப்பிடறேன்."