சமவெளியில் ஊதிய சங்கு

மணி மூன்று தடவை அடித்தாயிற்று. வந்தவர்கள் இரண்டு கிழவர்கள், அவர்களுக்குப் பின்னால் பழக்கதோஷத்தில் ஒரு கோவேறு கழுதை. அவ்வளவுதான்.

அசோர் கயிற்றை விட்டான். ஹைட்டியிலிருந்து பிரெஞ்சுக்காரர்களை விரட்டி மூன்றாம் வருஷம் அது. அந்தப் போரில் சண்டை போட்டதற்காகக் கிடைத்ததுதான் இந்தக் கரும்புத் தோட்டத்து மேஸ்திரி வேலை. முதலாளி மாறிவிட்டார், கொடியும் மாறிவிட்டது. மணி பழைய மணிதான். அடிமைகளாக அந்த மணிக்கு எழுந்து, அந்த மணிக்கு அடிவாங்கி, தாளாமல்தான் ஜனங்கள் அன்று தோட்டங்களைக் கொளுத்தினார்கள். விடுதலை வந்ததும் மலையேறி ஆளுக்கொரு துண்டு நிலத்தில் கிழங்கு போட்டுக்கொண்டார்கள். புது அரசுக்கோ துப்பாக்கி வாங்கச் சர்க்கரை வேண்டும்.

முந்தின நாள் வந்த லெப்டினன்ட் ஃபோந்தேன் கறாராகச் சொல்லியிருந்தார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஆளுங்க கரும்புல நிக்கணும். இல்லேன்னா மலைமேல இருக்கற கிழங்கையெல்லாம் பிடுங்கி எறிவேன். முதல்ல உன் அக்கா கொல்லைதான், மேஸ்திரி."

விடிந்ததும் அசோர் மலையேறிக் கெஞ்சிப் பார்த்திருந்தான்.

"வாங்க மேஸ்திரி, சாட்டைய எங்க வெச்சுட்டீங்க?" என்றாள் அக்கா செலிமேன், களை பறிப்பதை நிறுத்தாமல்.

"ஒரு நாள் வந்து நில்லுக்கா. உன் கிழங்கு தப்பிக்கும்."

"ஒரு நாள்னுதான் நம்ம அம்மாவையும் வெள்ளைக்காரன் கூப்பிட்டிருப்பான். மணிச்சத்தத்துக்கு என் கால் நகராது, போடா."

மணிக்கு வராதவர்கள் சங்குக்கு வருவார்கள் என்று இப்போது தோன்றியது. மலையில் கூட்டு நடவுக்கு அக்கம்பக்கத்தாரைச் சங்கு ஊதித்தான் அழைப்பார்கள்; கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் கிடையாது. அசோர் ஒரு சங்கோடு ஆலைக்கூரையில் ஏறி மூச்சு முட்ட ஊதினான்.

வந்தார்கள். மலை முழுவதும் இறங்கி வந்தது. ஒரு கையில் வெட்டுக்கத்தி, மறுகையில் எரியும் பந்தம்.

"எங்கடா கப்பல்?" செலிமேனுக்கு மூச்சு வாங்கியது.

அசோருக்கு அப்போதுதான் உறைத்தது. மேலே ஊதினால் நடவு. கீழே, கடல் பக்கம் ஊதினால், பிரெஞ்சுக்காரன் திரும்பி வந்துவிட்டான் என்று அர்த்தம். அவனுக்கு ஒரு கரும்பும் மிஞ்சாமல் கொளுத்திவிட்டு மலையேற வேண்டும் என்பது புது அரசின் உத்தரவு.

"கப்பல் இல்லக்கா. கரும்பு வெட்டத்தான்..."

"அப்ப அது என்னடா?"

வடக்கு வயல் எரிந்துகொண்டிருந்தது. ராத்திரி தோட்டத்திலேயே தங்கியிருந்த ஃபோந்தேன் புகையிலிருந்து ஓடிவந்தார். பாதி மழித்த முகம், கையில் பந்தம்.

"எத்தனை கப்பல்?" என்று கத்தினார்.

"கப்பலுமில்ல, படகுமில்ல ஐயா. எங்க தம்பிக்கு ஆள் வேணுமாம்" என்றாள் செலிமேன். யாரோ சிரித்தார்கள்.

லெப்டினன்ட் பந்தத்தைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். "உத்தரவுப்படிதான் செஞ்சேன்" என்றார், யாரும் கேட்காமலேயே.

"பின்ன? நாங்க வர்றதுக்குள்ள முடிச்சிட்டீங்களே" என்றாள் செலிமேன்.

காற்று திரும்பி மற்ற வயல்களும் பற்றிக்கொண்டன. மத்தியானத்துக்குள் வெட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. கிழங்கைப் பிடுங்கினால் மேலிடத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் கரும்பைக் கொளுத்தியது யார் என்பார்கள். ஃபோந்தேன் முகத்தின் மறுபாதியை மழிக்காமலே குதிரையேறிப் போனார். கொல்லையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

கரும்பில்லாத தோட்டத்துக்கு மேஸ்திரி எதற்கு? அசோர் அக்காவோடு மலையேறினான்.

"வேர் எரியலக்கா. மழை பெஞ்சா மறுபடி தழைச்சிடும். வேற அதிகாரி வருவான்."

"வரட்டும். இன்னைக்குக் களை பாதியில நிக்குது, குனி."