மேட்டுக் கூடாரத்துத் தண்ணீர்

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என் வீட்டுக்காரர் சண்முகசுந்தரம் என்னை வெளியே அழைத்துப் போனது அதுதான் முதல் தடவை. அதுவும் அவராக யோசித்து இல்லை. 1987-ல் ஆவடியில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் மனமகிழ் மன்றம், குடும்பத்தோடு இரண்டு நாள் முகாம் என்று எங்களை லாரியில் ஏற்றித் திருநின்றவூர் ஏரிக்கரைக்குக் கொண்டுபோனது. நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"இந்த ரெண்டு நாளாவது நீ எனக்குப் புருஷனா இரு. ஃபோர்மேனுக்கு எடுபிடியா இருக்காத."

"சர்தாம்மே," என்றார்.

கூடாரங்களைக்கூட குவார்ட்டர்ஸ் மாதிரி கிரேடு பார்த்துத்தான் போட்டார்கள். மேட்டில் அதிகாரிகள், நடுவில் ஃபோர்மேன்கள், பள்ளத்தில் நாங்கள். கரை முழுக்க இடம் காலியாகக் கிடந்தது. ஆனால் வரிசை மாற்ற ஒருவருக்கும் தைரியம் இல்லை. எங்களுக்கு நேர் மேலே ஃபோர்மேன் பார்த்தசாரதியின் கூடாரம். என் வீட்டுக்காரர் முதலில் அதற்கு முளை அடித்தார், பிறகு அவர்கள் அடுப்பைப் பற்றவைத்தார், பிறகு தண்ணீர் தூக்கினார். எங்கள் கூடாரத்துக் கயிற்றை நானே இழுத்துக் கட்டினேன். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. கக்கூஸ் என்று நான்கு சாக்கைக் கட்டிவைத்திருந்தார்கள். காற்றடித்தால் ஊருக்கே தரிசனம்.

பொய் சொல்லக்கூடாது. மறுநாள் காலையில் ஆலைச் சங்கு ஊதாமல் கண் விழித்தது சுகமாக இருந்தது. ஏரியில் கொக்குகள் நின்றன. சுள்ளி வைத்துப் போட்ட டீயில் புகை மணத்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. தம்ளரோடு அரை மணி நேரம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். அதற்குள் மேலேயிருந்து "இதோ சார், வந்துகினே கீறேன் சார்" என்று அவர் குரல் கேட்டது.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஃபோர்மேன் கூடாரத்தைச் சுற்றி என் வீட்டுக்காரர் வெட்டியிருந்த வாய்க்கால் நேராக எங்கள் கூடாரத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. பாய், அரிசிப் பை, மாற்றுப் புடவை எல்லாம் தண்ணீரில்.

"மம்பட்டிய எடு," என்றேன். "வாய்க்கால பனமரத்துப் பக்கம் திருப்பி வுடு. ஏரிக்குப் போயிடும்."

மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். எனக்கு மனசு இளகிவிட்டது. பாவம் மனுஷன், வீணாகக் கோபப்பட்டோமே என்றுகூட நினைத்தேன். எட்டிப் பார்த்தால், ஃபோர்மேன் கூடாரத்து ஓரத்தில் அடைத்திருந்த சேற்றை வாரிப்போட்டு அந்த வாய்க்காலை இன்னும் ஆழமாக்கிக்கொண்டிருக்கிறார்! தண்ணீர் இரண்டு மடங்காக எங்கள் மேல் பாய்ந்தது.

ஓடிப்போய் மண்வெட்டியைப் பிடுங்கினேன்.

"இன்னா பண்ற கஸ்தூரி? சார் இன்னா நெனப்பாரு?"

"நெனக்கட்டும். இங்க அரிசி மெதக்குது, உனக்கு சாரு நெனப்புதான் பெர்சா பூட்சா?"

சத்தம் கேட்டு ஃபோர்மேன் குடையோடு வெளியே வந்தார். எனக்கு இருந்த ஆத்திரத்தில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "உங்க தண்ணி எங்க தலையிலதான் வுழணுமா சார்?" என்று கத்தினேன்.

அவர் விழித்தார். "நான் நேத்தே பனைமரத்துப் பக்கம் வெட்டச் சொன்னேனேம்மா. இவர்தான், 'அங்க உங்க வீட்டம்மா துணி காயப்போடுவாங்க, சேறாயிடும் சார். எங்க பக்கமே வரட்டும், என் சம்சாரம் ஒண்ணும் சொல்லமாட்டா'ன்னார்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பொய்யாகவாவது இல்லை என்று சொல்வார் என்று காத்து நின்றேன்.

"ஆமா சார்," என்றார், ஃபோர்மேனைப் பார்த்து.

மண்வெட்டியை அங்கேயே போட்டேன். அந்த மனுஷன் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. நனைந்த புடவையோடு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தேன். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. நின்றேன்.

"பாத்து சார், வழுக்கும்."