அரம் தின்ற முத்திரை

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை, வாசகரே. என் அரத்தில் பிறந்தது. நம் ஊர் கார்தோனேயின் சதுக்கத்தில், ஒவ்வொரு தொழிலாளர் தினத்திலும் "உழைக்கும் கை பொய் சொல்லாது" என்று முழங்கியவன் நான். நீங்களும் கைதட்டினீர்கள். இந்தக் கை பொய் சொல்லியிருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: பள்ளத்தாக்கில் பனி இறங்கிய ஒரு மாலையில், துப்பாக்கிப் பட்டறையின் சன்னலோரம்...

[அடித்துவிட்டேன். பனிக்கு இதில் பங்கில்லை. மறைந்துகொள்ளவே அதை அழைத்தேன்.]

2

நூற்றறுபது ஆண்டுகளுக்கு முந்தைய சுழல்துப்பாக்கிகளை நாங்கள் புதிதாகச் செய்கிறோம். அறைதோறும் கருமருந்தும் ஈயக்குண்டும் திணித்து, பின்னால் செப்புத் தொப்பி மாட்டிச் சுடும் வகை. ஒவ்வொன்றிலும் செய்த ஆண்டைச் சொல்லும் முத்திரை விழும். திரைப்படக்காரர்கள் கேட்டால் காடி ஆவியில் துருவேற்றிக் கிழடாக்கித் தருவோம். முத்திரையை மட்டும் தொடமாட்டோம். எங்கள் மானம் அந்தச் சிறு சதுரத்தில் இருக்கிறது.

ஏழாண்டுகளுக்கு முன், ஒரு பழம்பொருள் தரகனுக்காக, நான் தொட்டேன். முத்திரையை அராவி எடுத்தேன். பிடியில் அவன் சொன்ன இரண்டு பெயர் முதலெழுத்துகளைச் செதுக்கினேன். யாருடைய எழுத்துகள் என்று கேட்கவில்லை.

(முந்தைய வரைவில், முதலாளி மிரட்டியதாக எழுதியிருந்தேன். எவரும் மிரட்டவில்லை. நிபுணர்களின் கண்ணை என் கை வெல்லுமா என்று பார்க்க ஆசைப்பட்டேன். வென்றது.)

3

சென்ற வாரம் பள்ளி ஆசிரியை ஓர்னெல்லா பெல்லேரி பட்டறைக்கு வந்தார். அவருடைய முப்பாட்டனார், நாட்டை ஒன்றிணைக்கப் போரிட்ட செஞ்சட்டைத் தொண்டர்படையில் இருந்தவர். சண்டை நடுவே துப்பாக்கியை எறிந்துவிட்டு ஓடினார் என்று ஊர் இன்றும் அந்த வீட்டை ஏசும். பத்தாண்டு தேடி, அந்தத் துப்பாக்கியைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். காயம்பட்டு விழுந்தவர் தோழரிடம் ஒப்படைத்தது என்பது தரகன் கட்டிய கதை. ஞாயிறன்று அதை ஊர் அருங்காட்சியகத்துக்கு அளிக்கிறாராம். மேசையில் வைத்தார். பிடியில் நான் செதுக்கிய எழுத்துகள் என்னைப் பார்த்தன.

"நீங்கதான் பேசணும், பௌஸ்தினோ. நான் பேசினா, ஓடுகாலி வீட்டுப் பொண்ணு கதை விடுறாம்பாங்க. நீங்க பேசினா வாய மூடிக்குவாங்க."

ஒப்புக்கொண்டேன். ஆம், ஒப்புக்கொண்டேன்.

அவர் போனதும் பக்கத்து மேசை போர்த்தோலோ — அவன் ஒருவனுக்குத்தான் எல்லாம் தெரியும் — தலை நிமிராமலே கேட்டான்: "நீ செஞ்ச சாமானை நீயே மேடையேறிப் புகழப்போற. கைதட்டையாவது அசலா வாங்குவியா?"

4

முடிவு ஒன்று: மேடையில் உண்மையை உடைக்கிறேன். கூட்டம் என் நேர்மையை வியந்து...

[நிறுத்து. அவர் தலை குனிய, என் புகழ் ஏறுகிறது. இது மேடைக்காரனின் முடிவு.]

முடிவு இரண்டு: அழகாகப் பேசுகிறேன். அவர் கண்கலங்கி என் கையைப் பற்றுகிறார். அந்தக் கை

[இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் இயலவில்லை.]

5

ஆகவே இது அச்சுக்குப் போகாது. இன்று வெள்ளிக்கிழமை. இருக்கும் ஒரே பிரதியைப் பள்ளி வாயிலில் உங்களிடம் தருகிறேன், ஓர்னெல்லா. வாசகரே என்று அழைத்தது உங்களைத்தான். பெயர் சொல்லி அழைக்கும் துணிவு இப்போதுதான் வந்தது.

துப்பாக்கிக் குழலுக்கு அடியில் இருக்கும், குண்டு திணிக்கும் நெம்புகோலை இறக்குங்கள். அது மறைத்திருந்த குழலின் தட்டையான அடிப்பக்கத்தில் உங்கள் மாணவர்களின் அளவுகோல் ஒன்றின் விளிம்பை வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசியும். முத்திரையை நான் அராவிய பள்ளம் அது.

உங்கள் முப்பாட்டனார் ஓடினாரா, நின்றாரா என்பது அந்த இரும்புக்குத் தெரியாது. ஞாயிறன்று யார் பேசுவது, என்ன பேசுவது என்பதை நீங்களே எழுதுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். என் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.