நாலாம் நம்பரின் குரல்

அவர் ஒரு நாள்கூடப் போலீஸ் சீருடை போட்டதில்லை. ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் இன்ஸ்பெக்டர்தான். வேற்றுமொழிப் படங்களில், எல்லாம் முடிந்த பிறகு கைவிலங்கோடு வந்து நிற்கும் அத்தனை இன்ஸ்பெக்டர்களுக்கும் தமிழில் குரல் கொடுத்தவர் அவர். கடையில் நின்று "அரைக் கிலோ சர்க்கரை" என்று கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர் குற்றம் செய்து அகப்பட்டவர் போலத் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

கதாநாயகனுக்குப் பேச வேண்டும் என்ற ஆசை ஒரு காலத்தில் இருந்தது. காதோரம் நரைக்கத் தொடங்கியதும் அந்த ஆசையை மடித்து உள்ளே வைத்துவிட்டார். அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கார்ட்டூன் தொடர் வந்தது.

தொடரின் நாயகன் விண்வெளியில் சரக்குக் கப்பல் ஓட்டும் ஒரு மாலுமி. வானத்தில் எங்கேயோ இருக்கும் ஒரு கிழிசலில் அவன் கப்பல் நுழைந்துவிடுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு உலகமாகப் போய் விழுகிறான். எல்லா உலகமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அவன் வாழ்க்கையில் "சரி" என்று சொன்ன ஒவ்வோர் இடத்திலும், "முடியாது" என்று சொல்லிவிட்ட இன்னோர் உலகம் பிரிந்து போயிருக்கிறது. அங்கேயும் அவனே இருக்கிறான். ஒன்றில் படைத்தலைவன், ஒன்றில் திருடன். இன்னொன்றில் ஊரை விட்டே போகாமல், மனைவியோடு ஒரு ரிப்பேர் கடை நடத்திக்கொண்டிருப்பவன். ஸ்டுடியோவில் ஆள் மாறிப் போகாமல் இருக்க நம்பர் போட்டுவிட்டார்கள். மாலுமி ஒண்ணாம் நம்பர், தலைவன் ரெண்டு, திருடன் மூணு, ரிப்பேர் கடைக்காரன் நாலு.

டப்பிங்கை இயக்கிய பெண்மணியை எல்லோரும் மேடம் என்பார்கள். முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்.

"நாலு பேரும் வேற வேற ஆளு சார். ஆனா நாலு பேரும் ஒரே ஆளு. கண்ண மூடிட்டுக் கேட்டா எந்த நம்பர் பேசுதுன்னு தெரியணும். எல்லாம் ஒருத்தன்தான்னும் தெரியணும்."

"ஒண்ணு, வேற ஆளா இருக்கணும். இல்ல, ஒரே ஆளா இருக்கணும். ரெண்டும் எப்படி மேடம்?"

"அதத்தான் அவங்களும் தொடர் முழுக்கக் கேட்டுட்டே இருக்காங்க. விடை கடைசி வரைக்கும் வராது. நீங்க பேசுங்க, போதும்."

மூன்று பேரை எப்படியோ பிடித்துவிட்டார். மாலுமிக்குச் சொந்தக் குரல். தலைவனுக்கு நெஞ்சிலிருந்து. திருடனுக்கு மூக்கை லேசாகச் சுருக்கிக்கொண்டால் வந்துவிடும். நாலாம் நம்பர்தான் கழுத்தறுத்தான். அவனுக்கு வசனமே கொஞ்சம். ஏதாவது ஒரு பழைய மோட்டாரைக் கழற்றிக்கொண்டே, உள்ளறையில் இருக்கும் மனைவியோடு இரண்டு வார்த்தை பேசுவான். எப்படிப் பேசினாலும் மேடம் பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்து வந்து, அரைத் தூக்கத்தில், ஒத்திகைதானே என்று பேசிவிட்டார்.  ஹெட்போனில் மேடத்தின் குரல் வந்தது.

"இதேதான் சார். இப்படியே வெச்சுக்குங்க."

இப்படி என்றால் எப்படி என்று இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. தலையை ஆட்டிவைத்தார்.

தொடர் ஒளிபரப்பான முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டில் மகள் டிவி முன்னால் தரையில் படுத்திருந்தாள். மனைவி சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கும் வேலை. நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வீட்டுக்கு வந்தால் அவசியம் இல்லாமல் யாரையும் எதையும் கேட்க மாட்டாள். கணவரின் குரலை டிவியில் கேட்பதும் அவளுக்கு அலுத்துப்போன சங்கதி.

நாலாம் நம்பர் பேசியதும் அவள் கை நின்றது.

"இது யாரு?"

"நான்தான்."

"மத்தவங்க நீங்கதான். தெரியுது. இது யாருன்னு கேக்கறேன்."

"அதுவும் நான்தான். நாலு பேருமே நான்தான்."

"இல்லம்மா" என்றாள் மகள். "நாலு பேரும் ஒருத்தர் இல்ல. ஒருத்தராவே இருந்து பிரிஞ்சு போனவங்க. நாலாம் நம்பர் அப்பா கிடையாது. அப்பாவோட இன்னொண்ணு."

மனைவி ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டி அந்த இடத்தை மறுபடியும் போட்டாள். திரையில் அந்த ஆள் குனிந்த தலை நிமிராமல், "நீ படுத்துக்க, நான் பாத்துக்கறேன்" என்றான். அவ்வளவுதான் வசனம். அவள் அதை மூன்றாம் முறை கேட்டபோது இன்ஸ்பெக்டருக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை.

"இத்தன வருஷமா இந்தக் குரல எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் ஒரு முயற்சி செய்தார். நாலாம் நம்பரை நினைத்துக்கொண்டு, குரலைத் தணித்து, "தண்ணி கொஞ்சம் கொடேன்" என்றார். மகளுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"வேண்டாங்க" என்றாள் மனைவி. "அது நடிப்பு."

"டிவியில பேசினதும் நடிப்புதானே?"

"அது நடிப்பு இல்ல."

 காசு வாங்கிக்கொண்டு, தாளைப் பார்த்து, யாரோ வரைந்த வாயசைப்புக்குப் பேசியது நடிப்பு இல்லையாம். சொந்த வீட்டில் சொந்த மனைவியிடம் தண்ணீர் கேட்டது நடிப்பாம்.

மறுநாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள். "யார்கிட்டயாவது இப்படிப் பேசியிருக்கணும். பேசாம எப்படிங்க வரும்?"

"திருடன் மாதிரியும்தான் பேசறேன். அதுக்காக எங்கயாவது போயித் திருடிட்டா வந்தேன்?"

"திருடன் குரலக் கேட்டா நடிப்புன்னு தெரியுது. இதக் கேட்டா தெரியல." அவள் சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் அவரை இன்னும் வதைத்தது.

அவர் யோசித்துப் பார்த்தார். யாரிடம் அப்படிப் பேசுகிறோம்? அம்மாவிடம் கத்திப் பேசுவார், அம்மாவுக்குக் காது மந்தம். மகளிடம் கேலியாக. தம்பியிடம் பேசுவதே இல்லை. வேறு பெண் என்று யாரும் கிடையாது. இருந்திருந்தால் அந்தக் கணக்காவது நேராகியிருக்கும். செய்யாத தப்புக்குச் சாட்சி தேடும் நிலைமை அவருக்கு.

ஸ்டுடியோவுக்குப் போனதும் ஒலிப்பதிவாளரைப் பிடித்தார். அவரை அங்கே எல்லோரும் சவுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பேசியே யாரும் அதிகம் கேட்டதில்லை. பழைய பதிவைப் போட்டுக் காட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார் இன்ஸ்பெக்டர். யாரோ ஒருவர் பேசுவது போலத்தான் இருந்தது. நல்ல மனுஷன் மாதிரி இருந்தது.

"இது நான்தானா?"

"நீங்கதான் சார். நான்தானே பதிவு பண்ணேன்."

"நான் என்ன பண்ணேன் அப்ப?"

சவுண்டு பதிவை நிறுத்தினார். "ஒண்ணும் பண்ணல சார்" என்றார்.

தேடத் தொடங்கியதும் குரல் ஓடி ஒளிந்துகொண்டது. அந்த வாரம் பதிவு செய்ய வேண்டிய காட்சி முக்கியமானது. மாலுமி ரிப்பேர் கடைக்குள் வந்து, தன்னைத் தானே முதன்முதலாகச் சந்திக்கிறான். மாலுமியின் வசனத்தைக் காலையிலேயே பேசி முடித்திருந்தார். மதியம், ஹெட்போனில் தன் குரல் கேட்கும் கேள்விக்குத் தானே பதில் சொல்ல வேண்டும்.

"நம்ம ரெண்டு பேருல யாரு நிஜம்?" என்று கேட்டது ஹெட்போன்.

"எனக்குத் தெரியாது" என்று அவர் தாளைப் பார்த்துச் சொன்னார். "உன்னக் கேட்டா, போகாம நின்னுட்ட நீதான் நான்னு சொல்லுவ. என்னக் கேட்டா, நிக்காமப் போயிட்ட நான்தான் நீ."

"சார், குரல்ல இன்ஸ்பெக்டர் வர்றாரு" என்றார் மேடம்.

மறுபடியும் பேசினார். தலைவன் வந்தான். இன்னொரு முறை பேசியபோது யாரென்றே தெரியாத ஒருவன் வந்தான். யார் நீ, யார் நான் என்று நாக்கு குழறி, தாளில் எந்த வரி யாருடையது என்பதே மறந்துபோனது. மேடம் உள்ளே வந்து, அவர் பக்கத்தில் நின்று, மெதுவாகச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். நாலாம் நம்பருக்கு மட்டும் வேற ஒருத்தரப் பேச வெச்சுப் பாக்கட்டுமா?"

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் பதறிவிட்டாள்.

"வேற ஆளா? அவரு நல்லாப் பேசுவாரா?"

இன்ஸ்பெக்டருக்கு வயிறு எரிந்தது. ஆனால் எந்தப் பக்கம் பார்த்துப் பொறாமைப்படுவது என்று தெரியவில்லை. வரப்போகிற ஆள் மேலா, இல்லை இத்தனை நாள் பேசிய ஆள் மேலா? அந்த ஆள் அவரேதானே.

"நீ ஒரு தடவ ஸ்டுடியோவுக்கு வா" என்றார். "உனக்குத்தான் அவனத் தெரியுது. வந்தா நீயே சொல்லு, எது அவன்னு."

விடுமுறை நாளில் அவள் வந்தாள். கட்டுப்பாட்டு அறையில் மேடத்துக்கும் சவுண்டுக்கும் நடுவில் நாற்காலி போட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், சின்ன அறைக்குள், மைக் முன்னால் அவர். மனைவியின் உதடு அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. மேடமும் அவளும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். அதைப் பார்த்ததும் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சக் குரலும் வறண்டது. பேசினார். இரண்டு பெண்களும் ஒரே மாதிரி இல்லை என்று தலையை ஆட்டினார்கள்.

மேடத்துக்கு ஒரு போன் வந்தது. எழுந்து வெளியே போனார். சவுண்டு மைக்கில், "அதுவரைக்கும் ஏதாவது பேசிட்டிருங்க சார், குரல் லெவல் பாக்கறேன்" என்றார். என்ன பேசுவது என்று தெரியாமல் இன்ஸ்பெக்டர் தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டு குனிந்திருந்தார். அப்போது ஹெட்போனில் மனைவியின் குரல் வந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினால் உள்ளே கேட்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

"கேக்குதா? வாஷிங் மெஷினப் பாக்க இன்னிக்கு ஆள் வரேன்னு சொன்னாரே. நாம பூட்டிட்டு வந்துட்டோமே."

"நான் காலையிலயே போன் பண்ணிட்டேன். நாளைக்கு வரச் சொல்லிருக்கேன். நீ அதத் தனியாப் புடிச்சு இழுக்காத, இடுப்பு புடிச்சுக்கும். நான் வந்து இழுத்துக்கறேன்."

தாளிலிருந்து நிமிர்ந்தபோது மேடம் கதவருகே நின்றுகொண்டிருந்தார், போன் காதிலேயே இருந்தது. சவுண்டு, "பதிவாயிருக்கு மேடம்" என்றார்.

எல்லோரும் உட்கார்ந்து அதைப் போட்டுக் கேட்டார்கள். இன்ஸ்பெக்டரும் வெளியே வந்து கேட்டார்.

"இதேதான்" என்றார் மேடம். "நாலாம் நம்பர்."

"இல்ல மேடம்" என்றாள் மனைவி. "இது இவரு. வீட்டுல இப்படித்தான் பேசுவாரு. டிவியில பேசறவரு வேற."

"நல்லாக் கேளுங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

"தெனமும் கேக்கறவ நான். எனக்குத் தெரியாதா?"

சவுண்டு பழைய பதிவையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டார். "இதுவா, இதுவா?" என்றார். நாள் முழுக்க மற்றவர்களை அந்தக் கேள்வி கேட்பவள், தன் முறை வந்ததும் திணறிவிட்டாள். "இன்னொரு தடவ போடுங்க" என்றாள். பிறகு, "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. ஆனா இல்ல" என்றாள்.

மூவரும் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்கள். அவருக்கு வாஷிங் மெஷின் பற்றிப் பேசியது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

மேடம் தாமதிக்கவில்லை. கடைக்காரனின் மனைவி பேசும் வரிகளை இன்ஸ்பெக்டரின் மனைவி கையில் கொடுத்து, பொத்தானை அழுத்திக்கொண்டு படிக்கச் சொன்னார். அவளுக்கு நடிக்கத் தெரியாது. மருந்துச் சீட்டு படிப்பது போலப் படித்தாள். இன்ஸ்பெக்டர் மறுபடி உள்ளே போய், கண்ணாடிப் பக்கம் பார்க்காமல், திரையை மட்டும் பார்த்துப் பதில் சொன்னார். மாலுமியோடு பேசும் வசனமும் அந்தச் சூட்டிலேயே முடிந்துவிட்டது. வெளியே வந்தபோது மேடம் கைகொடுத்தார்.  பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து, வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் கோபமாக இருக்கிறாளா, சந்தோஷமாக இருக்கிறாளா என்று கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை.

அந்தப் பகுதி ஒளிபரப்பானது. மகள் இரண்டு நாயகர்களும் சந்திக்கும் இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். முடிந்ததும் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்குச் சரியா இருந்தாரு" என்றாள்.

"அது அன்னிக்கு நீ எதிர்ல உக்காந்திருந்தப்பப் பேசினதுதான்."

"தெரியும்."

"அன்னிக்கு இது அவரு இல்லன்னு சொன்னியே."

"அன்னிக்கு இல்லதான்."

"அப்ப இன்னிக்கு?"

அவள் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். "என்னையே கேட்டா எப்படிங்க?" என்றாள்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வேறு ஆளைத் தேடும் பேச்சு ஸ்டுடியோவில் நின்றுபோனது. நாலாம் நம்பரின் காட்சி வரும்போதெல்லாம் சவுண்டு வாஷிங் மெஷின் சரியாகிவிட்டதா என்று உள்ளே கேட்பார். சில நாள் அது பலித்தது, சில நாள் பலிக்கவில்லை.

வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. அது எப்போது தொடங்கியது என்று அவருக்கே தெரியாது. முன்பெல்லாம் மனைவி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எதிரே வந்து நின்று கேட்பாள். இப்போது அவர் கூடத்தில் உட்கார்ந்து தாளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, உள்ளறையிலிருந்தே கேட்கிறாள். தண்ணித் தொட்டி நிறைஞ்சுதா, மகளுக்குக் காய்ச்சல் இறங்கிடுச்சா, நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும். அவர் நிமிராமல் பதில் சொல்வார். கொஞ்ச நேரம் உள்ளேயிருந்து சத்தமே வராது. பிறகு இன்னொன்று கேட்பாள்.

ஒரு முறை அவர் எழுந்து உள்ளே போனார், என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று. அவள் ஒரு வேலையும் இல்லாமல் கட்டில் விளிம்பில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் வந்தீங்க?" என்றாள் திரும்பாமலே. "அங்கயே இருந்து பேசுங்க."

அவர் கூடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். என்ன பேசுவது என்று யோசித்தார். பிறகு யோசிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டார்.