தோற்பதாக ஒப்புக்கொண்ட ஆட்டம்

இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சி முடித்துச் சந்திரமதி கப்பலில் மலாய் நாட்டுக்குத் திரும்பி வந்தபோது, அழைக்கப் போயிருந்த உறவுக்காரர்கள் கம்பளிச் சட்டையும் பிஸ்கட் டின்னும் எதிர்பார்த்தார்கள். அவளோ சில மெல்லிய வாள்களையும், சோற்றை மூடி வைக்கும் கூடை போன்ற கம்பிவலை முகமூடிகளையும் கொண்டுவந்து இறக்கினாள். வாள் என்றால் வெட்டுகிற வாள் இல்லை. நுனியில் குமிழ் வைத்தது. ஆளைக் குத்தினால் வில்லாக வளையுமே தவிர உள்ளே இறங்காது.

காஜா பேராங் மனமகிழ் மன்றத்தின் பூப்பந்துக் கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் அவள் வாள்வீச்சு கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள். முதலில் சேர்ந்தவர் துணிக்கடை அப்துல் சமது. தடித்த கித்தான் துணியில் எல்லோருக்கும் மார்ச்சட்டை தைத்துக் கொடுத்தவரும் அவரே. கடைப் பழக்கம்தான் அவரைக் கூடத்திலும் விடவில்லை.

"பட்டுச்சு பாய்," என்பாள் சந்திரமதி.

"லேசாத்தானே டீச்சர் பட்டுச்சு. பாதியா வெச்சுக்குங்க."

"பாதியெல்லாம் கிடையாது. குத்து வாங்கினவங்களே வாயைத் திறந்து பட்டுச்சுன்னு சொல்லணும். அதுதான் இந்த ஆட்டத்துக்கு மரியாதை."

கொஞ்ச நாளில் அவள் கணவன் நடராஜனும் வந்து சேர்ந்தான். பண்டார் ஹிலிரில் ஒரு ரப்பர் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. மனைவி வாள் சுழற்றுவதை ஆபீசில் யாரோ கேலி பேசினார்களாம். தானும் போய்ச் சேர்ந்துகொண்டால் அது குடும்ப விளையாட்டாகிவிடும் என்று அவன் நினைத்தான். வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம்; குறைந்தபட்சம் அவன் அப்படி நம்பினான். கூடத்திலோ, "முழங்காலை மடக்குங்க", "பின்னால போங்க", "வாளைக் குடை மாதிரி பிடிக்காதீங்க" என்று எல்லாமே அவள் வைத்த சட்டம். அப்படி அதட்டுவதில் சந்திரமதிக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம் இருந்தது. ஆனால் எவ்வளவு அதட்டியும் அவன் வாள் ஒரு தடவைகூட அவளைத் தொட்டதில்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம், கொண்டாட்டத்துக்கு வாள்வீச்சு ஆட்டம் ஒன்று வேண்டும் என்றார் மன்றத் தலைவர். மற்ற மாணவர்களுக்கெல்லாம் திடீரென்று வயிற்றுவலியும் வெளியூர்ப் பயணமும் வந்துவிட்டன. கணவனும் மனைவியும் ஆடுவது, சமது நடுவராக நிற்பது, முதலில் ஐந்து குத்து எடுப்பவருக்கு வெற்றி என்று முடிவாயிற்று.

கொண்டாட்ட நாளன்று மத்தியானம் சாப்பிடும்போது நடராஜன் மெல்ல ஆரம்பித்தான்.

"சந்திரா, எங்க மேனேஜர் லிம் வர்றாரு. முன்வரிசையில உட்காருவாரு."

"வரட்டுமே."

"அவர் கண்ணு முன்னால பொண்டாட்டிகிட்ட தோத்தா, நாளைக்கு ஆபீஸ்ல எப்படித் தலை காட்டறது? அஞ்சுக்கு நாலுன்னு நீ தோத்துடு. கௌரவமாத்தான் தோக்கச் சொல்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ரசக் கரண்டியைப் பார்த்துக்கொண்டே, "சரி," என்றாள். ஒரு நாள் கூத்துதானே.

மாலையில் கூடம் நிரம்பி வழிந்தது. தலைமுறைகளாகத் தமிழ் மறந்து மலாயே வீட்டுமொழியாகிப்போன பக்கத்துச் செட்டிக் குடும்பங்களெல்லாம் மலாயில் சளசளவென்று பேசியபடி வந்து சுவரோரம் நின்றன. சந்திரமதி தன் பங்குக்கு நாலு குத்தைச் சீக்கிரமே முடித்துக்கொண்டாள். இனி அவன் ஐந்து குத்த வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் வில்லங்கம் ஆரம்பித்தது.

மார்பைத் திறந்துகொண்டு நின்றாள். அவன் வாள் அவள் அக்குளுக்குக் கீழே காற்றைக் குத்தியது. இன்னும் கிட்டே போய் நின்றாள். வாள் தலைக்கு மேலே போய்த் தோரணத்தில் மாட்டிக்கொண்டது. கூட்டம் சிரித்தது.

"டீச்சர், கொஞ்சம் அசைஞ்சு கொடுங்க," என்று காதருகே முணுமுணுத்தார் சமது. "தூங்கிட்டீங்களான்னு கேக்கறாங்க."

தோற்பது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாது. அடுத்த பாய்ச்சலும் விலகிப் போனபோது ஒப்பந்தம் மறந்துபோய், உள்ளே இருந்த ஆசிரியை வாயைத் திறந்துவிட்டாள்.

"முழங்கையை உள்ள இழுங்க. கையை முதல்ல நீட்டுங்க, கால் அப்புறம். எத்தனை தடவை சொல்றது?"

கூடமே குலுங்கியது. மேனேஜர் லிம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இங்கேயுமா பாடம்?" என்று பல்லைக் கடித்தான் நடராஜன்.

"ஒழுங்கா செஞ்சா நான் ஏன் சொல்றேன்?"

கோபத்தோடு அவன் பாய்ந்தான். கை முதலில் நீண்டது. கால் பின்னால் வந்தது. பழக்க தோஷத்தில் அவள் வாள் தானாகத் தடுக்கப் போனது. அவன் வாள் அதன் கீழே நழுவி, அவள் தோளுக்கடியில் பட்டு அழகாக வளைந்தது.

கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்த சமது, "படலை," என்று கையை ஆட்டினார்.

"பட்டுச்சு," என்றாள் சந்திரமதி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "நான் தடுத்தும் தொட்டுட்டார்."

நடராஜன் முகமூடியைக் கழற்றினான். முகமெல்லாம் வேர்வை.

"நிஜமாவா? நீயா விட்டுக் கொடுக்கலையே?" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"இல்லீங்க. தடுத்தேன். முடியல."

முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது போலிருந்தது. சட்டென்று முகமூடியை மாட்டிக்கொண்டான்.

"அப்போ மத்தியானம் பேசினதை விட்டுடு. ஒழுங்கா ஆடு."

அவள் ஒழுங்காக ஆடினாள். அவன் மூச்சு விட்டு முடிப்பதற்குள் ஐந்தாவது குத்து அவன் நெஞ்சில் விழுந்தது.

"பட்டுச்சு," என்றான் அவன், ஏதோ பரிசு வாங்கியவன் மாதிரி. சுவரோரம் நின்றவர்கள், இன்னொரு ஆட்டம் வேண்டும் என்று "லாகி, லாகி" எனக் கைதட்டினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் லிம் எழுந்து வந்தார். நடராஜன் விறைத்து நின்றான். அவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, நீ வீட்டம்மாவிடம் ஒரு புள்ளியாவது எடுத்துவிட்டாய், எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இன்னும் பூஜ்யம்தான் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் நடராஜன் அந்த ஒரு குத்தைப் பற்றியே பேசினான். ஒவ்வொரு தெருமுனையிலும் அவன் பாய்ந்த தூரம் கூடிக்கொண்டே போனது. சந்திரமதி ஒன்றையும் திருத்தவில்லை.

"கையை முதல்ல நீட்டினீங்க," என்றாள் கடைசியில். "அது ரொம்ப நல்லா இருந்துச்சு."

அதன் பிறகு வீடு வரைக்கும் அவன் சிரித்துக்கொண்டே நடந்தான்.