வாய்க்காலில் போன கோழிகள்

விடிந்து வெகுநேரமாகியும் அந்தத் தெருவில் ஒரு சேவல்கூடக் கூவவில்லை. கோழிகளை மூடியிருந்த பஞ்சாரக் கூடையைத் தூக்கிய கோமு அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே சாம்பல் நிறப் பெட்டைக்கோழி கழுத்து திருகி, அலகு வானத்தைப் பார்க்க, பின்பக்கமாகவே நடந்து வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத யாரோ அதன் தலையைப் பிடித்துத் திருகுவது போலிருந்தது. மற்றவற்றில் பல பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து விறைத்துக் கிடந்தன.

கோழிதான் அவளுக்குப் பிழைப்பு. சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் பலி கொடுக்கச் சேவல் வேண்டுமென்றால் பாபநாசத்திலிருந்துகூட அவளிடம்தான் ஆள் வரும். இந்தக் கொடைக்குக் கேட்பவர்கள் அதிகம் என்று சந்தையில் புதிதாகச் சில கோழிகளை வாங்கிவந்து, இருந்தவற்றோடு சேர்த்து விட்டிருந்தாள். அந்தப் புதுக்கோழிகள்தான் முதலில் தலையைத் தொங்கப்போட்டன. அதை அவள் எங்கே யோசித்தாள்? நினைப்பெல்லாம் எதிர்வீட்டு முத்துராணி மேல். கோழி வந்திறங்கிய அன்று வாசலில் நின்று, மைனி, உங்க வீட்டில் கோழி நல்லாப் பெருகிவிட்டது என்று சிரித்துக் கண்வைத்துவிட்டுப் போனாளே, பாவி மகள்!

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கழுத்து திருகிச் செத்த கோழியை மாடன் கேட்டு எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அதை அறுக்கக் கூடாது, புதைக்கவும் கூடாது. மஞ்சள் தடவி வாய்க்காலில் விட்டு, திரும்பிப் பார்க்காமல் வீடு வந்து சேர வேண்டும். செத்த ஒவ்வொரு கோழிக்கும் கோமு அப்படியே செய்தாள். வாய்க்காலில் ஓடிய தாமிரபரணித் தண்ணீர் அவற்றை நடுத்தெருப் படித்துறைக்கும் கீழத்தெருப் படித்துறைக்கும் கொண்டு போனது.

அப்புறம் நடந்ததுதான் ஊரைக் கிடுகிடுக்க வைத்தது. சாவு வாய்க்கால் கரையோரமாகவே வீடு வீடாக இறங்கி நடந்தது. முதலில் நடுத்தெரு, பிறகு கீழத்தெரு. உச்சிவெயிலில், ஒரு சத்தமும் இல்லாமல், கோழிகள் பின்பக்கமாக நடந்து நடந்து விழுந்தன. முத்துராணி பீடி சுற்றுகிறவள். பீடித்தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அதே கரைவழியாகத்தான் கீழத்தெருப் பீடிக்கடைக்குப் போய் வருவாள். போதாதா? அவள் செய்வினை வைக்கிறாள், அவள் கால் பட்ட இடமெல்லாம் சாவு என்று பேச்சு கிளம்பியது. கிளப்பியது வேறு யார், நம் கோமுதான்.

முத்துராணியைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ஒற்றையாக இருப்பவள் யாரை எதிர்த்துப் பேசுவாள்? ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்று கொடை கமிட்டித் தலைவர் ஆவுடைநாயகம் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கீழத்தெருக்காரர்கள் கூப்பிட்டு, கால்நடை டாக்டர் யூனிஸ் வந்தார். மாடன் கோயிலை ஒட்டி, வாய்க்கால் கரையில், கையுறையும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு, அன்று செத்த கோமுவின் கடைசிக் கோழியை அறுக்கக் கத்தியை எடுத்தார். கூட்டம் பின்வாங்கியது. சாமி எடுத்த கோழியில் கத்தி வைப்பதாவது! இரைப்பையைப் பிளந்ததும், உள்சுவரெங்கும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். வெளியே ஒரு கீறல் கிடையாது, உள்ளே மட்டும் ஊசியால் குத்திக் குத்தி எடுத்த மாதிரி.

"பாத்தியளா அண்ணாச்சி, முத்துராணி ஊசி ஏத்தி வச்சிருக்கா" என்றாள் கோமு, ஆவுடைநாயகத்திடம்.

டாக்டர் நிமிரவில்லை. கீழத்தெருக் கோழி ஒன்றையும் அறுத்தார். அதே புள்ளிகள், குடலில் புண்கள். அப்போது முத்துராணி சாக்கில் சுற்றிய எதையோ கொண்டுவந்து கீழே வைத்தாள். அவளிடம் இருந்த ஒரே கோழி. விடியற்காலையில் செத்துவிட்டதாம். அந்தப் பழியும் தன் தலையில்தான் விழும் என்று பயந்து ஒளித்து வைத்திருந்தாளாம். அதை அறுத்தபோது அதிலும் அதே புள்ளிகள்.

இது செய்வினை இல்லை, வெள்ளைக்கழிச்சல் நோய் மாதிரி தெரிகிறது என்றார் டாக்டர். கிருமியால் உள்ளே ரத்தம் கசிந்த இடங்கள்தான் இந்தப் புள்ளிகள், அது நரம்பில் ஏறினால் கழுத்து திருகும், மாதிரி எடுத்துத் திருநெல்வேலிக்கு அனுப்பி உறுதி செய்துகொள்ளலாம் என்றார். வந்தபின் மருந்து கிடையாது, முன்கூட்டியே தடுப்பூசி போட வேண்டும். புதுக்கோழியைக் கொஞ்ச நாள் தனியாக வைக்க வேண்டும். செத்ததை ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, "இதுவரைக்கும் செத்ததையெல்லாம் என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார்.

கோமு வாய்க்காலைப் பார்த்தாள். தண்ணீர் அவள் வீட்டைத் தாண்டித்தான் நடுத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் போகிறது. கோழி செத்த ஒவ்வொரு வீடும் மனசுக்குள் வரிசையாக வந்து நின்றது. ஊருக்குள் நடந்து திரிந்த சாவு தன் வாசலிலிருந்து கிளம்பியிருக்கிறது.

நோயோ பேயோ, கமிட்டி எடுத்த முடிவு முடிவுதானே என்று ஆவுடைநாயகம் இழுத்தார். கோமு போய் முத்துராணி பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"ஊரவிட்டு அனுப்பணும்னா என்னைய அனுப்புங்க அண்ணாச்சி. சந்தையில இருந்து சீக்கக் கொண்டாந்தவ நான். வாய்க்கால்ல விட்டு வீடு வீடா அனுப்புனதும் நான்தான். பழிய மட்டும் இவ தலையில போட்டுட்டேன். செத்த கோழிய அறுத்துப் பாக்க நமக்கு அம்புட்டுப் பயம். உசுரோட இருக்கவள அறுக்கதுக்கு ஒருத்தருக்கும் பயம் வரலயே. காரணம் தெரியலன்னா தெரிஞ்சவியகிட்டப் போய்க் கேக்கணும். நாதியத்த ஒரு பொம்பளயப் புடிச்சுக் காரணமாக்கக் கூடாது."